இரண்டாவது எடைச் சாவடி

ஒன்று, 1961. கரடிப்பள்ளம் எஸ்டேட், பெரிய துரை பங்களா. கக்கூஸ் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு என் அம்மா பின்பக்கத்து நாற்பது படிகளை இறங்குவாள். வாளிக்கு ஒரு மூடி கேட்டாள். மூடி போட்டால் கனம் கூடும், உனக்குத்தான் கஷ்டம் என்றான் பட்லர். இரண்டு, 1968. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் ஈரக் கழிவு என்று ஆளுக்கு மூன்று கிலோ வெட்டினார்கள். மண் வெடித்துக் கிடந்த பங்குனியிலும் வெட்டினார்கள். மூன்று, 1974. நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம்; முப்பத்தெட்டாம் நாள் போலீஸ் லாரி; என் கீழ்ப்பல் இரண்டு. நான்கு, 1979. எங்கள் சங்கத் தலைவர் எங்களைக் கேட்காமல் குன்னூரில் ஒரு ஓட்டல் அறையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்தபோது மீசையில் கேக் துகள் ஒட்டியிருந்தது. ஐந்து, 1992. சங்கத்திலிருந்து என்னை நீக்கினார்கள். நீக்கிய கடிதத்தைத் தபால்தலை ஒட்டாமல் அனுப்பினார்கள், அபராதம் கட்டித்தான் வாங்கிப் படித்தேன். ஆறு, 2011. என் ஒரே மகள் கிளாரா அமெரிக்காவில் வேலைக்குப் போனாள். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு போன் செய்து சொன்னாள். ஏழு, நேற்று முன்தினம் காலை, கிளாரா என்னை மலையேறக் கூட்டிவந்த பெரு நாடு, இன்கா பாதையின் முதல் எடைச் சாவடி. எட்டு, இன்று காலை, ஓடைக்கரை. இந்த வரிசையை மாற்றக் கூடாது. துண்டுப் பிரசுரத்தில் வரிசைதான் பாதி வாதம். முதலில் நடந்ததை முதலில் சொல்லிவிட்டால் கடைசியில் நடந்தது தானாகவே குற்றமாகிவிடும். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் 1984 கிடக்கிறது. அது இதில் சேராது. அது அவர்கள் செய்ததல்ல. எட்டுப் படி ஏறு, நில். எட்டுப் படி, நில்.

படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது செங்கல் உயரம், அதற்கடுத்தது சாய்ந்து நனைந்து கிடக்கும் பலகைக்கல். எழுபது வயது முழங்காலுக்கு ஒவ்வொன்றும் ஒரு பேச்சுவார்த்தை. காற்று இருக்கிறது, முகத்தில் அடிக்கிறது, ஆனால் உள்ளே இழுத்தால் அதில் ஒன்றும் இல்லை. நேற்று ஏறிய கணவாய்க்குச் செத்த பெண் கணவாய் என்று பெயராம். முகடு ஒரு பெண் மல்லாந்து கிடப்பது போல இருக்கிறது என்று வாஷிங்டன் கைத்தடியால் நெற்றி, மூக்கு, மார்பு என்று காட்டினான். எல்லாரும் படம் எடுத்தார்கள். பெண் எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்டதில்லையாம். வாஷிங்டன் எங்கள் வழிகாட்டி. அமெரிக்க ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நாற்பது வருடம் பிரசுரம் எழுதியவனுக்கு மலையில் வழிகாட்ட வாய்த்தவன் பெயர் வாஷிங்டன். இங்கே அது சாதாரணப் பெயராம், அவன் சித்தப்பா பெயர் லிங்கனாம். என்னை அவன் பாப்பா என்று கூப்பிடுகிறான், அப்பா என்று அர்த்தமாம். "மெதுவா, பாப்பா, மெதுவா. மலை எங்கேயும் போகாது." நல்ல பல்வரிசை. கங்காணிகளுக்கு எப்போதும் நல்ல பல்வரிசை இருக்கும். நாங்கள் ஒன்பது பயணிகள். எங்கள் கூடாரம், அடுப்பு, அரிசி, நாற்காலி எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு பதினான்கு சுமைக்காரர்கள். அவர்கள் பின்னால் புறப்பட்டு, எங்களைத் தாண்டி ஓடி, நாங்கள் போய்ச் சேரும்போது கூடாரம் அடித்துச் சூப் கொதிக்கவைத்திருப்பார்கள். நாங்கள் மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிட வேண்டும். பள்ளத்துப் பக்கம் அவர்களுக்கு. அது மரியாதை என்று வாஷிங்டன் சொல்கிறான். விழுந்தால் விழுகிறவன் எவன் என்பதும் அதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஏழாவதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஏழாவதில் நான் இருக்கிறேன். முதல் எடைச் சாவடியில் மரச்சட்டத்தில் தராசு தொங்கியது. பார்த்ததும் நின்றேன்; எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து நிறுத்ததும் இதே மாதிரி மூன்று கழியில் தொங்கிய தராசுதான். ஒரு சுமைக்காரன் இவ்வளவு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். சட்டம் வாங்கிய தோழர்கள் யாரோ, அவர்களுக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் போட்டேன். அப்போதுதான் வாஷிங்டன் வந்தான். "பாப்பா, ஒரு உதவி. எவாரிஸ்தோவுக்குச் சுமை கொஞ்சம் கூடுதல். இந்தச் சின்ன கேஸ் சிலிண்டர், ஐந்து கிலோதான். உங்கள் பையில் ஐந்து நிமிடம்?" எவாரிஸ்தோ பக்கத்தில் நின்றான், குட்டையான மனிதன், ஐம்பத்து நான்கு வயது, வலது முழங்காலில் கந்தல் துணி சுற்றியிருந்தது. ஒரு தொழிலாளியின் சுமையில் பங்கு கேட்கிறார்கள் என்றா நான் யோசிப்பேன்? கொடு என்றேன். கிளாரா "வேண்டாம்ப்பா, முதுகு" என்றாள். "உங்கொப்பன் முதுகு நாற்பத்தொரு நாள் ஸ்டிரைக்கைத் தாங்கின முதுகு" என்று சொல்லி, சிலிண்டரைப் பைக்குள் போட்டு, இடது கை முட்டியை உயர்த்திக்கொண்டு சாவடியைக் கடந்தேன். எங்கள் கூட்டத்து டச்சுக்காரி ஒருத்தி கைதட்டினாள். யாரோ படம்கூட எடுத்தார்கள். பின்னால் எவாரிஸ்தோவின் மூட்டை தராசில் ஏறியது, முள் சரியாகக் கோட்டில் நின்றது, சீட்டுக் கிழித்தார்கள். பாதை வளைந்து சாவடி மறைந்ததும் வாஷிங்டன் என் பையைத் திறந்து சிலிண்டரை எடுத்து எவாரிஸ்தோவின் மூட்டையில் மறுபடி செருகிக் கயிற்றை இழுத்துக் கட்டினான். "நன்றி, பாப்பா." அவ்வளவுதான். தராசை ஏமாற்றுகிறவன் காலை, முட்டியை, சுண்டுவிரலைக் கண்டுபிடிக்க இருபது வருடம் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தவன் நான். இங்கே சுண்டுவிரல் நானே. அங்கே தராசு குறைத்துக் காட்டினால் கூலி குறையும். இங்கே குறைத்துக் காட்டினால் முழங்கால் போகும். இரண்டிலும் குறைக்கிற கை ஒன்றுதான் என்று எழுதியிருப்பேன், பழைய நாளாக இருந்தால், தலைப்பு எழுத்தில். அந்தக் கை முட்டியை உயர்த்திக்கொண்டு போனது என்று எந்தத் தலைப்பில் எழுதுவது? நில். இதயம் காதுக்குள் அடிக்கிறது. இங்கே விழுந்தால் என்ன செய்வார்கள்? இந்த மனிதர்கள்தான் தூக்குவார்கள். பிணத்துக்கும் கிலோக் கணக்கு இருக்குமா? தராசில் வைப்பார்களா?

எட்டாவது. முதல் நாள் சாயங்காலம் சுமைக்காரர்கள் வரிசையாக நின்று, ஆளுக்காள் பெயர், வயது, என்ன சுமக்கிறோம் என்று சொன்னார்கள்; இந்தப் பாதையில் அது வழக்கமாம். ஒருவன் சமையல் பாத்திரம், ஒருவன் கூடாரம். எவாரிஸ்தோ முறை வந்தபோது அவன் வாய் திறக்கும் முன்னே மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஸ்பானிய மொழி தெரிந்தவள் கிளாராதான். என்னம்மா சொன்னான் என்றேன். "ஏதோ ஜோக்குப்பா." இன்று காலை ஓடைக்கரைக்கு முகம் கழுவப் போனேன். எவாரிஸ்தோ அங்கே ஒரு நீலப் பெட்டியைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைத்து, உள்ளங்கையில் புல்லைச் சுருட்டி, உள்பக்கமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக என் கூடாரத்துக்குப் பக்கத்தில் எனக்கென்று தனியாகத் துணி மறைப்பு கட்டி, அதற்குள் கக்கூஸாக வைத்திருந்த நீலப் பெட்டி. எல்லாருக்கும் பொதுவில் ஒன்று இருக்கிறதே, எனக்கு எதற்குத் தனியாக என்று நான் கேட்கவே இல்லை. என் மலம். அது என் மலம். நான் நின்றேன், அவன் நிமிர்ந்து பார்த்தான், கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டு, அவர்கள் மொழியில் காலை வணக்கம் சொன்னான். நான் கூடாரத்துக்கு வந்து கிளாராவை எழுப்பினேன். "ஒன்ன யாரு செய்யச் சொன்னா?" "என்னப்பா?" "அந்தப் பெட்டி." அவள் எழுந்து உட்கார்ந்தாள், முடியைக் கோதினாள், அலுவலகத்தில் பேசுகிற குரலை எடுத்தாள். "உங்களுக்கு ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிக்கணும். முட்டி மடங்காது. குந்தி உக்கார முடியாது. நான் முன்னாடியே சொல்லித் தனியா ஏற்பாடு பண்ணினேன். இதுல என்னப்பா தப்பு?" "உங்க பாட்டி என்ன வேல பாத்தான்னு தெரியுமா ஒனக்கு?" "தெரியும். நீங்க மேடையில சொல்லித்தான் தெரியும். வீட்ல ஒருநாளும் சொல்லல." அதுவும் உண்மை. அவள் என்னை உண்மையால் அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதை நான்தான் சொல்லிக்கொடுத்திருப்பேன். அந்தப் பெட்டியால்தான் எவாரிஸ்தோவுக்குச் சுமை கூடுதல். அந்தப் பெட்டிக்காகத்தான் சிலிண்டர் என் பைக்கு வந்தது. ஐந்து கிலோ. நான் சுமந்து உதவியது என் சொந்தப் பீயின் எடையை மறைக்க. எட்டுப் படி. ஏழு. ஏழிலேயே நிற்கிறேன்.

இடிபாடு வந்துவிட்டது. வட்டமாக, கூரை இல்லாத கல்சுவர், மலை விளிம்பில் ஒரு உடைந்த கிண்ணத்தை வைத்த மாதிரி. அஞ்சல் கொண்டு ஓடியவர்கள் தங்கிய இடமாக இருக்கலாம் என்று வாஷிங்டன் சொல்கிறான், பெயர் ஒன்று சொன்னான், என் நாக்கில் நிற்கவில்லை. சுவரில் சாய்கிறேன். கல் குளிர்ச்சியாக, வழவழப்பாக, இரண்டு கல்லுக்கு நடுவில் நகம் நுழையாமல் இருக்கிறது. கீழே மலைச்சரிவு முழுவதும் அடுக்கடுக்காகப் படிக்கட்டு வயல். தேயிலைதான் இல்லை. எனக்கு எழுத்து வந்தது பிரசுரங்களில். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. இருபத்திரண்டு வயதில் ஒரு பிரசுரம் படித்தேன், எட்டுப் பக்கம், பழுப்புத் தாள்: இன்காக்களின் நாட்டில் பசி இல்லை, நிலம் பொதுவில், களஞ்சியம் பொதுவில். அதைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நான் பேசிய பேச்சு! பெண்கள் அழுதார்கள். கடல் தாண்டி ஒரு மலையில் நம்மைப் போன்றவர்கள் ராஜாக்களாக இருந்தார்கள் என்றேன். இப்போது அந்த மலையில் சாய்ந்து நிற்கிறேன், இந்தக் கல்லைக் கீழே ஆற்றிலிருந்து எவன் தூக்கிவந்தான் என்று பார்க்கிறேன். முறைவேலை என்று பெயர் வைத்து, கூலி இல்லாமல் தூக்கவைத்தானாம் ராஜா. அப்போதும் எடை பார்த்திருப்பார்களா? இதுவும் ஒரு எஸ்டேட்தான். அந்தப் பிரசுரத்தில் அது இல்லை. பேசியதைத் திரும்பிப் போய் யாரிடம் வாபஸ் வாங்குவது? அழுதவர்களில் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள்.

"அப்பா." கிளாரா. அவளுக்குப் பின்னால் எவாரிஸ்தோ, மூட்டையை இறக்காமல் குனிந்தபடியே. "அவருக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம்." "கேக்கச் சொல்லு." அவன் பேசினான், மெதுவாக, என் காலணியைப் பார்த்துக்கொண்டு. கிளாரா சொன்னாள்: "அரை மணி நேரத்துல ரெண்டாவது எடைச் சாவடி. சிலிண்டர மறுபடி நீங்க எடுத்துக்க முடியுமான்னு கேக்குறாரு. அஞ்சு நிமிஷம். தாண்டினதும் வாங்கிக்கிறாராம்." "வாஷிங்டன் அனுப்பிச்சானா?" "இல்லப்பா. அவரே வந்தாரு." "எதுக்காம்?" கிளாரா கேட்டாள், அவன் சொன்னான், இவள் சொன்னாள்: "எட கூடுதல்னு எழுதினா கம்பெனிக்கு எச்சரிக்கை போகும். கம்பெனி அடுத்த தடவ இவரு பேர அடிச்சிட்டு வேற ஆளப் போட்டுரும். அம்பது வயசுக்கு மேல வேற எந்தக் கம்பெனியும் புதுசா எடுக்காது. பத்தொன்பது வருஷமா இதுல இருக்காரு, இன்னும் ரெண்டு சீசன் போதும்ங்கிறாரு. சின்னப் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது." "அவன்கிட்ட சொல்லு: மறைக்கிறவரைக்கும் முதுகுல ஏத்திக்கிட்டேதான் இருப்பான். இன்னிக்கு அஞ்சு, நாளைக்குப் பத்து." "அப்பா, அவரு வகுப்பு எடுக்கச் சொல்லல. சிலிண்டரத் தூக்கச் சொல்றாரு." "நீ சொல்லு." அவள் சொன்னாளா, வேறு எதையாவது சொன்னாளா, தெரியவில்லை. எவாரிஸ்தோ கேட்டுவிட்டுச் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. பதில் சொன்னான். "என்ன சொல்றான்?" "நீங்க சொல்றது சரிதானாம். அவரு தம்பியும் இப்படித்தான் பேசுவானாம். தம்பி இப்போ லிமாவுல ராத்திரிக் காவலாளியாம்." எனக்கும் சிரிப்பு வந்தது. நன்றாகக் குத்துகிறான். அவன் சட்டைப்பையிலிருந்து மலையேறுகிறவர்கள் மெல்லும் கோக்கா இலையில் ஒரு பிடி எடுத்து, ஒடியாத இலையாகப் பார்த்துப் பொறுக்கி, இரண்டு கையாலும் நீட்டினான். வாங்கி மென்றேன். கசப்பு. கொழுந்தைப் பச்சையாக மென்ற மாதிரி. கன்னம் மரத்தது. "கொடு" என்றேன். அவன் மூட்டையை இறக்கவில்லை. கிளாராதான் பின்னால் போய்க் கயிற்றைத் தளர்த்திச் சிலிண்டரை எடுத்து என் பையில் வைத்தாள். "தேங்க்ஸ்ப்பா" என்றாள். பத்து வருடத்தில் அவள் என்னிடம் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை, அதுவும் அவன் பொருட்டு.

கீழே இறங்குகிறது பாதை. இறக்கம் ஏற்றத்தைவிட மோசம். சிலிண்டரின் அடிப்பகுதி முதுகெலும்பில் ஒரே இடத்தில் இடிக்கிறது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்று, ஐந்து நிமிடம். வார்த்தையா, என்ன வார்த்தை, நான் கொடு என்றுதானே சொன்னேன், தாண்டிக் கொண்டுபோவேன் என்று சொல்லவில்லையே. பார், எப்படி வழுக்குகிறது. வக்கீல் மாதிரி. 1984 இதில் சேராது என்றேன். சேராது. பாக்கியத்தாய் என்று ஒருத்தி, ஏழாம் நம்பர் லயம், கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. கணக்கப்பிள்ளை முட்டியால் சாக்கைத் தாங்குகிறான் என்று முதலில் பார்த்தது அவள்தான். இருட்டில் என் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து சொன்னாள். "நான் சொன்னதா சொல்லாதீக அண்ணே." சங்கத்தில் நான் போட்ட விதி ஒன்று இருந்தது: மொட்டை மனு கிடையாது. பெயர் இல்லாத புகார் கோழையின் புகார், துரை அதில் கைதுடைப்பான். புகார் என்றால் பெயர், பெயர் என்றால் எல்லார் முன்னாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எஸ்டேட் வாசலில் எத்தனை கேட் மீட்டிங்கில் படித்திருக்கிறேன், பெயர் சொன்னதும் அந்த ஆள் கூட்டத்திலிருந்து ஒரு அடி முன்னால் வரும், மற்றவர்கள் கைதட்டுவார்கள், அந்த ஒரு அடியில்தான் கூலி மனிதனாகிறான் என்று நம்பினேன், நம்புகிறேன். மேனேஜர் முன்னால், லேபர் ஆபீசர் முன்னால், அவள் பெயரைப் படித்தேன். அவள் முன்னால் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள்தான் தள்ளிவிட்டார்கள். ஒரு மாதத்தில் தராசு மாறியது. அதை யாரும் சொல்வதில்லை. நானூறு பெண்களுக்குப் புதுத் தராசு, கண்ணாடி போட்ட முள், யார் முட்டியும் எட்டாத உயரம். அவளை மருந்து அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். முகத்துக்குத் துணிகூடத் தரவில்லை. மூன்றாவது மழைக்குள் கண் போயிற்று. மகன் கையைப் பிடித்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வந்தாள், எந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாமல் பீரோவைப் பார்த்துப் பேசினாள். "எம் பேர ஒங்க வாயால இனி சொல்லாதீக." நான் புதுத் தராசைப் பற்றிச் சொன்னேன். அவள் பீரோவைப் பார்த்துத் தலையாட்டினாள். நானூறு பேர். ஒருத்தி. எந்தத் தராசில் வைத்தாலும் நானூறுதான் இறங்கும். முள்ளைப் பார்த்தால் இறங்கும். பிறகு முள்ளை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்?

சாவடி தெரிகிறது. தகரக் கூரை, கொடிக்கம்பம், தொங்கும் தராசு. நான்கு கூட்டங்கள் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. அறுபது பேருக்குக் குறையாது, மூட்டையோடு குனிந்து வரிசையில் நிற்கிறவர்கள், கல்லில் உட்கார்ந்து கால் தடவுகிற பயணிகள். மேஜைக்குப் பின்னால் பச்சைச் சட்டை போட்ட அதிகாரி, முப்பது வயதுப் பெண், உதட்டுச் சாயம், முகத்தில் கண்டிப்பு. எவாரிஸ்தோ வரிசையில் ஐந்தாவது. அவன் என்னைப் பார்க்கவில்லை, அப்படிப் பார்க்காமல் இருக்கத் தெரிந்திருக்கிறது. கிளாரா என் முன்னால் நடக்கிறாள். மேஜைக்கு இந்தப் பக்கம் பத்து அடி, அந்தப் பக்கம் பத்து அடி, பிறகு வளைவு. நட. இந்தச் சிலிண்டரோடு நடந்தால் எவனுக்கும் ஒன்றும் ஆகாது. நாளை அடுத்த கிழவன், அடுத்த நீலப் பெட்டி, அடுத்த ஐந்து நிமிடம். நடந்தால் நான் எதற்காக இருந்தேன்? அறுபது பேர். 1992க்குப் பிறகு இவ்வளவு பேர் ஒரே இடத்தில் நின்று நான் பார்க்கவில்லை, கடையிலும் கல்யாணத்திலும் தவிர. காற்றுகூட நின்றிருக்கிறது. தொண்டையில் கோக்கா மரமரப்பு. கால் நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, தானாக நின்றது, தராசுக்கு நேர் முன்னால். பையை இறக்கி, சிலிண்டரை எடுத்து, மேஜைமேல் வைத்தேன். தகரம் போலச் சத்தம். பச்சைச் சட்டைக்காரி நிமிர்ந்தாள். என் பிரசுர இங்கிலீஷில், மேடைக் குரலில் சொன்னேன்: இது என் சுமை இல்லை, இது ஒரு தொழிலாளியின் முதுகிலிருந்து தராசை ஏமாற்ற என் பைக்குள் வைக்கப்பட்டது, முதல் சாவடியிலும் இதுவே நடந்தது, நான் புகார் கொடுக்கிறேன். குரல் வந்தது. மலையில் பட்டுத் திரும்பியும் வந்தது. அறுபது தலை என் பக்கம் திரும்பியது. கடவுளே என்று சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. அந்த நொடியில் எனக்கு மூச்சு வாங்கவே இல்லை.

வாஷிங்டன் முதலில் சிரித்தான், பிறகு ஓடி வந்தான், "பாப்பா, பாப்பா, உடம்பு சரியில்லை, உயரம்" என்று அந்தப் பெண்ணிடம் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான். அவள் அவனைக் கையால் ஒதுக்கினாள். கிளாராவை அழைத்து ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டாள், நீளமாக. கிளாராவின் முகம் சாம்பல். "என்னம்மா சொல்றா?" "ரெண்டு வழி இருக்குங்கிறாங்க." மேஜையைப் பார்த்துச் சொன்னாள். "இது உங்க பையிலேர்ந்து வந்திருக்கு. நீங்கதான் ஏமாத்த உடந்தைன்னு உங்க பேர எழுதலாம். எழுதினா நாம ரெண்டு பேரும் இங்கேயிருந்தே திரும்பணும். மேல போக முடியாது. அவங்க யாருக்கும் ஒண்ணும் வராது." "இன்னொண்ணு?" "யாரோட சுமையோ அந்தச் சுமைக்காரர் பேர எழுதலாம். அப்படின்னா நீங்க போகலாம். அவரத் திருப்பி அனுப்புவாங்க." அவள் என் கையைப் பிடித்தாள், சின்ன வயதில் ரோடு கடக்கும்போது பிடித்த மாதிரி, ஆனால் இப்போது கடத்துகிறவள் அவள். "உங்க பேரச் சொல்லுங்கப்பா. திரும்பிப் போயிரலாம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். நாலு கல்லப் பாக்கலேன்னா என்ன? ப்ளீஸ்ப்பா. உங்க பேரு." என் பெயர். குற்றவாளி என்ற கட்டத்தில் என் பெயர். போலீஸ் எழுதியிருக்கிறது, துரை எழுதியிருக்கிறான், அவையெல்லாம் என் கழுத்தில் விழுந்த மாலை. தராசை ஏமாற்றினான் என்று எந்தத் தாளிலும் என் பெயர் இல்லை. அதுவும் நானே சொல்லியா? திரும்பி இறங்குவது, அந்தக் கணவாயை மறுபடி ஏறுவது, பின்னால் அந்த டச்சுக்காரி பார்த்துக்கொண்டிருப்பது. இல்லை, அதற்காக இல்லை. யோசி. என் பெயரால் எவனுக்கு என்ன பயன்? கிழவன் ஒருவன் செய்த தப்பு என்று முடிந்துபோகும், வாஷிங்டன் வளைவு தாண்டிச் சிரிப்பான். சுமந்தவன் பெயர் ஏறினால்தான் சுமத்தியவன் கதை வெளியே வரும். சட்டம் அப்படித்தான் நகரும். பெயர் வேண்டும். நான் எப்போதும் சொன்னதுதான். எப்போதும் சொன்னதுதான் என்பது எவ்வளவு சௌகரியமாக வந்து உட்காருகிறது, பார். உட்காரட்டும். "அவன் பேரு" என்றேன். கிளாரா கையை விட்டாள். "நான் சொல்ல மாட்டேன். இனிமே உங்களுக்காக ஒரு வார்த்த மொழிபெயர்க்க மாட்டேன்." பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். வரிசையில் ஐந்தாவது ஆளை நோக்கிக் கையை நீட்டினேன். பச்சைச் சட்டைக்காரி புரிந்துகொண்டாள். எங்கள் கூட்டத்தின் சுமைக்காரர் பட்டியலை எடுத்து, ஒரு வரியில் பேனாவை வைத்து, தாளை என் பக்கம் திருப்பினாள். டச்சுக்காரியையும் இன்னொரு கூட்டத்தின் கிழச் சமையல்காரனையும் விரலால் அழைத்து மேஜைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினாள். சாட்சிகள். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினாள்: அவர்களுக்குக் கேட்கும்படி, சத்தமாக. எவாரிஸ்தோ மூட்டையை இறக்கிவிட்டான். இறக்கியதும் அவன் இன்னும் குட்டையாகத் தெரிந்தான். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து காற்றை இழுத்து, ஒரு எழுத்தும் விழுங்காமல், கடைசி வரிசைக்கும் எட்டும்படி படித்தேன்:

"எவாரிஸ்தோ பூமா சோக்கே."